கண்ணிவெடியின் மேல் விழுந்த சுபேதார்



ஓசூரில் பஸ் ஏறினால் பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான். இன்று நம் பிள்ளைகள் ஷிப்டு வேலைக்கும் காலேஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வருகிற சாலை அது. எண்பது, தொண்ணூறு வருஷங்களுக்கு முன்னே இங்கே தொழிற்சாலை ஏது? கேழ்வரகும் கொள்ளும் விளைகிற மேட்டுக்காடுகள்தான். மழை பொய்த்த வருஷத்தில் சேலம் ஜில்லாவிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் வாலிபர் பலர் பெங்களூருக்குப் போனார்கள். அவர்கள் தேடிப் போனது பட்டாளத்து வேலை. அல்சூர் ஏரிப் பக்கத்தில் இன்றும் இருக்கிற மெட்ராஸ் சாப்பர்ஸ் படை முகாமில் ஆள் எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு, மாற்றுத் துணிகூட இல்லாமல் போனவர்களும் உண்டு.

அந்தப் படையில் சேவித்த தமிழர் ஒருவரின் சரித்திரத்தை இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். சுபேதார் சுப்பிரமணியன் என்பது அவர் பெயர். பட்டாளத்தில் இருப்பவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் அந்தப் பெயரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள், தெரியாது என்றுதான் சொல்லும். அது பிள்ளையின் குற்றமன்று. நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

சுப்பிரமணியன் 1912-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பிறந்தார். ஊர் கீழ் ஒட்டிவாக்கம். அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில், காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் அருகே உள்ள சிறு கிராமம். பாலாற்றங்கரைச் சீமை. ஆற்றில் தண்ணீர் வந்தால் நெல் உண்டு, வராவிட்டால் கடன் உண்டு. அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பங்களின் கதையை நாம் விஸ்தரிக்க வேண்டியதில்லை, நம் ஊர்க் கதையும் அதுதானே.

அவர் தவழ்ந்து எழுந்து நடக்கிற வயதில், 1914-இல், முதல் உலக யுத்தம் மூண்டது. அந்த வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு போட்டது. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த வெளிச்சத்தைக் கண்டு பட்டணத்து ஜனங்கள் மூட்டை கட்டினார்கள். எம்டன் என்ற சொல் நம் பேச்சில் இன்றுவரை நிலைத்துவிட்டது. இந்தியாவிலிருந்து அந்த யுத்தத்துக்குப் போனவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல், திரும்பாதவர்கள் எழுபதினாயிரத்துக்கும் மேல். நம் நாட்டில் வேதம் போதித்துக்கொண்டிருந்த பிரெஞ்சு தேசத்து மிஷன் சுவாமிமாரில் சிலருக்கும் அழைப்பு வந்து, அங்கியைக் கழற்றிப் பட்டாள உடுப்புப் போட்டுக்கொள்ள நேர்ந்தது.

யுத்தம் முடிந்தபின் சர்க்கார், ஆள் அனுப்பிய ஊர்களில் ஒரு சிறு கல்வெட்டு வைத்தது. இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் யுத்தத்துக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கும். தமிழ்நாட்டில் பல ஊர்களில் அந்தக் கல் இன்னும் இருக்கிறது. அதில் எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. எட்டுப் பேர், பதினைந்து பேர் என்று ஆடு மாடு எண்ணுவதுபோல எண்ணிவிட்டுப் போய்விட்டார்களே என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு மனம் பொறுப்பதில்லை.

சுப்பிரமணியன் வளர்ந்த காலத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. தமிழனும் தெலுங்கனும் சண்டைக்கு லாயக்கில்லை என்று ஆங்கிலத் தளபதிகள் தீர்மானம் செய்திருந்தார்கள். ராபர்ட்ஸ் பிரபு என்ற பெரிய தளபதி 1880-களில் சென்னைப் படைக்குத் தலைவராக இருந்தவர். அவரே இந்த அபிப்பிராயத்தை ஊன்றி வளர்த்தவர்களில் முதன்மையானவர். வடக்கே உள்ள சில ஜாதியார் மட்டுமே வீர ஜாதி, தெற்கே உள்ளவர்கள் சாது ஜனங்கள் என்பது அவர்கள் கணக்கு. ஆற்காட்டிலும் மைசூரிலும் சண்டையிட்டு ஆங்கிலேயனுக்கு ராஜ்யம் சம்பாதித்துக் கொடுத்த சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1920-களின் முடிவில் ஒன்றும் மிஞ்சவில்லை.

தப்பியது சாப்பர்ஸ் படை ஒன்றுதான். சாப்பர் என்றால் என்ன என்று கேட்பீர்கள். காலாட்படை போகும் வழியைத் திறந்து கொடுக்கிறவன் சாப்பர். பாலம் கட்டுவான், சாலை போடுவான், கிணறு தோண்டுவான், எதிரியின் முள்வேலியை வெடி வைத்துத் தகர்ப்பான், மண்ணில் புதைத்த கண்ணியைத் தோண்டி எடுப்பான். கையில் மண்வெட்டி, தோளில் துப்பாக்கி. 1780-இல் சென்னை ஜார்ஜ் கோட்டையில் இரண்டே கம்பெனிகளாகத் தொடங்கிய படை அது. பிறகு பெங்களூருக்கு வந்து வேரூன்றியது. முள்வேலியைத் தகர்க்கிற நீண்ட குழாய் வெடியை 1912-இல் அங்கேதான் கண்டுபிடித்தார்கள். உலகமெங்கும் பட்டாளத்தார் அதை இன்றும் பெங்களூர் டார்பிடோ என்றே அழைக்கிறார்கள். சாப்பர்களுக்கோ தம்பி என்று பெயர். வெள்ளைக்கார அதிகாரி முதல் சமையற்காரன் வரை எல்லோருக்கும் அவர்கள் தம்பிகள்தான்.

இன்னொரு விசேஷமும் உண்டு. வடக்கத்திப் படைகளில் ஜாதிக்கு ஒரு கம்பெனி, மதத்துக்கு ஒரு கம்பெனி என்று பிரித்து வைப்பது வழக்கம். மெட்ராஸ் சாப்பர்ஸில் இந்து, கிறிஸ்தவன், முகமதியன், மேல்ஜாதி என்பவன், கீழ்ஜாதி என்று தள்ளப்பட்டவன் எல்லாரும் ஒரே கம்பெனியில் கலந்து இருந்தார்கள். ஊரில் தெருவுக்குள் நடக்கவும் அனுமதிக்கப்படாதவன், அங்கே வரிசையில் சமமாக நின்றான். பட்டாளத்துக்குப் போனவர்களில் எத்தனை பேருக்குச் சம்பளத்தைவிட இது பெரிதாகப் பட்டிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இந்தப் படையில்தான் சுப்பிரமணியன் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து, முப்பத்தோரு வயதில் சுபேதார் பதவியில் இருந்தார். அந்தக் காலத்தில் சுபேதார் என்றால் சாமான்யமல்ல. மேலே இருப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், கீழே இருப்பவர்கள் பாலாற்றங்கரையிலும் தென்பெண்ணைக் கரையிலும் இருந்து வந்த பையன்கள். இரண்டுக்கும் நடுவே நிற்பவர் சுபேதார். உத்தரவைத் தமிழில் விளங்கச் சொல்வதும் அவர், பையனின் தாயார் நோயாய்க் கிடக்கிறாள் என்று லீவுக்காக மேலே பேசுவதும் அவர். வீட்டுக்குப் பணம் போகவில்லை, பங்காளி வரப்பை வெட்டிவிட்டான், பெண்சாதி கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள் என்று எல்லா வழக்கும் அவரிடம்தான் வரும். சுருங்கச் சொன்னால் கடல் கடந்த இடத்தில் அந்தப் பையன்களுக்குத் தகப்பன் ஸ்தானம்.

1939 செப்டம்பரில் இரண்டாம் உலக யுத்தம் வந்தது. இந்தியரை ஒரு வார்த்தை கேட்காமலே வைசிராய் இந்தியாவையும் யுத்தத்தில் சேர்த்துவிட்டார். அப்போது சென்னை ராஜதானியின் பிரதம மந்திரியாக இருந்தவர் நம் ஓசூருக்கு அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. கேளாமல் செய்த இந்த அநியாயத்துக்காக அக்டோபர் மாதத்தில் அவரும் அவருடைய மந்திரிகளும் ராஜிநாமா செய்தார்கள். அடுத்த வருஷம் அவர் சிறைக்கும் போனார். தொரப்பள்ளியின் பிள்ளை யுத்த எதிர்ப்புக்காகச் சிறையில் இருக்க, அதே ஜில்லாவின் வேறு பிள்ளைகள் அந்த யுத்தத்துக்கே பெங்களூரில் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யார் சரி, யார் தவறு என்று இன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்வது எளிது. அன்று அடுப்பில் உலை வைக்க வேண்டியவளைக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும்.

சிப்பாயின் சம்பளம் மாதம் பதினெட்டு ரூபாய் அளவில்தான் இருந்தது. சோறும் துணியும் சர்க்காருடையது. ஆகவே அதில் பெரும்பகுதி மணியார்டராக ஊருக்கு வரும். கூலி வேலைக்கு நாளொன்றுக்கு அணாக் கணக்கில் வாங்கிய குடும்பத்துக்கு அது பெரிய தொகை. வீர ஜாதி சாது ஜாதி என்ற பேச்செல்லாம் ஆள் தேவைப்பட்டதும் காற்றில் பறந்தது. சென்னை ராஜதானியில் மூலைமுடுக்கெல்லாம் ஆள் எடுத்தார்கள். கலைத்துப் போட்ட மெட்ராஸ் ரெஜிமெண்டை 1941-இல் மறுபடியும் உண்டாக்கினார்கள். யுத்தத் தொடக்கத்தில் சுமார் 2 லட்சமாக இருந்த இந்தியப் படை, 1945-இல் 25 லட்சமாகப் பெருகிவிட்டது. கட்டாயச் சட்டம் இல்லாமல் இவ்வளவு பெரிய படை உலகில் அதற்குமுன் திரண்டதில்லை. கட்டாயச் சட்டம் இல்லை என்பது உண்மையே. பசி ஒரு கட்டாயம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

வீட்டில் இருந்தவர்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். 1942-இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும் ரங்கூன் அரிசி நின்றுபோயிற்று. அரிசி விலை ஏறியது, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, துணிக்குத் தட்டுப்பாடு. மணியார்டர் பதினைந்து ரூபாய் வந்தாலும் முன்பு வாங்கிய அளவில் பாதிகூட வாங்க முடியவில்லை. மகன் எங்கே இருக்கிறான் என்பதும் தெரியாது. கடிதத்தில் ஊர்ப்பெயர் எழுதக்கூடாது என்பது பட்டாளச் சட்டம், எழுதினால் தணிக்கை அதிகாரி மை பூசிவிடுவார். நலம், நலமறிய ஆவல், மாடு கன்று போட்டதா என்ற அளவில்தான் கடிதம் வரும். படிக்கத் தெரியாத தாய் அதை வாத்தியாரிடமோ தபால்காரரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லி, இரண்டாம் தரமும் படிக்கச் சொல்லுவாள். தந்திச் சேவகன் தெருவுக்குள் நுழைந்தால் எல்லா வீட்டு வாசலிலும் பெண்கள் எழுந்து நிற்பார்கள். அவன் தாண்டிப் போன வீட்டில் பெருமூச்சு, நின்ற வீட்டில் ஒப்பாரி.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் பல பதினாயிரம் பேர். அவர்களுடைய வீடுகளுக்கு உயிரா சாவா என்ற செய்திகூட வருஷக் கணக்கில் எட்டவில்லை. மலேயாவிலிருந்த தமிழர் பலர் சுபாஷ் போஸின் படையில் சேர்ந்தார்கள். இன்னும் ஆயிரமாயிரம் பேர் சயாம் ரயில்பாதை போடக் கொண்டுபோகப்பட்டுக் காட்டுக்காய்ச்சலில் மடிந்தார்கள். ஒரே யுத்தம், தமிழனை எத்தனை திசையில் பிய்த்து எறிந்தது பாருங்கள்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த அவஸ்தை என்று எண்ண வேண்டாம். ஐர்லாந்து தேசத்தின் கத்தோலிக்கக் கிராமங்களும் 1914-இல் இதே நிலையில்தான் இருந்தன. அந்நாடும் அன்று ஆங்கிலேயனின் கீழ் இருந்தது, விடுதலையும் கேட்டுக்கொண்டிருந்தது. இருந்தும் சுமார் 2 லட்சம் ஐரிஷ்காரர்கள் அதே ஆங்கிலப் படையில் சேவித்தார்கள். சிலர் கொள்கைக்காக, பலர் வீட்டுப் பெண்களுக்குக் கிடைக்கிற படிப்பணத்துக்காக. அவர்கள் போன பிறகு, 1916-இல், டப்ளின் நகரத்தில் புரட்சி எழுந்து தேசத்தின் மனமே மாறிப்போயிற்று. யுத்தம் முடிந்து ஊர் திரும்பினவனை வரவேற்கவும் ஆளில்லை, விசாரிக்கவும் ஆளில்லை. எதிரியின் உடுப்புப் போட்டவன் என்று சொந்த ஜனமே முகத்தைத் திருப்பிக்கொண்டது. மெடலைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு உருளைக்கிழங்குக் கொல்லைக்குப் போனார்கள். மாண்டவர்களுக்காக டப்ளினில் 1930-களில் கட்டிய ஞாபகத் தோட்டம், பல வருஷம் பாழடைந்து கிடந்து, 1988-இல்தான் முறைப்படி அர்ப்பணிக்கப்பட்டது. சுப்பிரமணியனைப் போன்றவர்களை நாம் ஏன் மறந்தோம் என்பதற்கும் இதில் விடை இருக்கிறது.

இனி இத்தாலியாவுக்கு வருவோம். 1943 செப்டம்பரில் நேச நாட்டுப் படைகள் தெற்கு இத்தாலியாவில் இறங்கின. ரோமாபுரிக்குப் போகும் வழியை மலைகளில் மறித்து ஜெர்மானியர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வழியின் கதவுபோல நிற்கிறது மோந்தே கசீனோ மலை. அந்தப் பெயர் நமக்குப் புதிதன்று. அர்ச். ஆசீர்வாதப்பர் 529-ஆம் வருஷ வாக்கில் தம்முடைய மடத்தை ஸ்தாபித்த மலை அது. 1944 பிப்ரவரி 15-ஆம் தேதி அமெரிக்க விமானங்கள் அந்த மடத்தைக் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கின. உள்ளே ஜெர்மன் சிப்பாய்கள் இருக்கிறார்கள் என்று சந்தேகித்தார்கள், இருக்கவில்லை. அடைக்கலம் புகுந்திருந்த ஏழை ஜனங்கள்தான் மாண்டார்கள். குண்டு போட வேண்டும் என்று கேட்டது மலையைத் தாக்க வேண்டியிருந்த தரப்பின் தளபதிகள். தாக்க வேண்டியிருந்ததோ 4-ஆவது இந்திய டிவிஷன். ராஜபுதனத்தானும் கூர்க்காவும் அந்தக் கல்மலையில் ஏறி விழுந்தார்கள். அந்த டிவிஷனுக்கு வழி திறந்து கொடுத்தவர்களில் நம் தம்பிகளும் இருந்தார்கள். மடம் பிறகு பழைய அமைப்பிலேயே கட்டப்பட்டு, 1964-இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பரால் அபிஷேகம் செய்யப்பட்டது.

மலைக்குத் தெற்கே, ரோமாபுரிச் சாலையில் மின்யானோ என்று ஓர் ஊர். இரு பக்கமும் குன்றுகள், நடுவே குறுகிய கணவாய். முந்தின டிசம்பரில் அங்கே கடும் சண்டை நடந்திருந்தது. ஜெர்மானியர் பின்வாங்கினபோது நிலமெல்லாம் கண்ணியைப் புதைத்துவிட்டுப் போனார்கள். பிப்ரவரி மாதம் முழுதும் மழை, சேறு, பனி. அடுத்த தாக்குதல் மழையால் நாளுக்கு நாள் தள்ளிப்போய் மார்ச் 15-ஆம் தேதிதான் தொடங்க முடிந்தது. இடைப்பட்ட அந்த நாட்களில் துப்பாக்கிக்காரனுக்கு ஓய்வு கிடைத்தாலும் சாப்பருக்கு ஓய்வில்லை. படை நடக்க வேண்டிய நிலத்தைச் சுத்தம் செய்தாக வேண்டுமே.

கண்ணி எடுக்கிற வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் பின்னால் வருவது விளங்கும். முன்னால் ஒருவன் நீண்ட கழியின் நுனியில் தட்டுப்போன்ற கருவியை மண்ணுக்கு மேலே இடமும் வலமும் வீசிக்கொண்டே போவான். காதில் மாட்டிய குழாயில் சப்தம் மாறினால் கீழே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். அது கண்ணியாகவும் இருக்கலாம், சென்ற மாதம் வெடித்த குண்டின் துண்டாகவும் இருக்கலாம். இன்னொருவன் முழங்காலிட்டு, துப்பாக்கிக் கத்தியைச் சாய்வாக மண்ணில் குத்திக் குத்திப் பார்ப்பான். நேராகக் குத்தினால் தொலைந்தான். சுத்தம் செய்த இடத்துக்கு இரு பக்கமும் வெள்ளை நாடா விரித்துக்கொண்டு போவார்கள். பின்னால் வருகிறவன் அந்த நாடாவுக்குள்தான் கால் வைக்க வேண்டும். மரப்பெட்டியில் செய்த கண்ணி கருவிக்குப் பிடிபடாது. இன்னொரு வகை உண்டு. மண்ணுக்கு மேலே புல் நுனியைப்போல மூன்று கம்பிகள் மட்டும் தெரியும். மிதித்தால் உடனே வெடிக்காது. ஏறக்குறைய நாலு விநாடி கழித்து இடுப்பு உயரத்துக்குத் துள்ளி எழும்பி, முந்நூற்றுக்கு மேற்பட்ட இரும்புக் குண்டுகளை நாலா பக்கமும் வாரி இறைக்கும். மிதித்தவன் மட்டுமல்ல, சுற்றி நிற்கிற அத்தனை பேரும் அதற்கு இரை.

1944 பிப்ரவரி 24-ஆம் தேதி. மின்யானோவுக்கு அருகே சுப்பிரமணியன் தம்முடைய ஆட்களுடன் இந்த வேலையில் இருந்தார். அப்போது லான்ஸ் நாயக் ஒருவனின் கால் ஒரு கண்ணியின்மேல் பட்டுவிட்டது. சுபேதார் அதைக் கண்டார். கண்ணி எடுப்பதே தொழிலாக உள்ளவருக்கு அது என்ன செய்யும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. மிதிப்பதற்கும் வெடிப்பதற்கும் நடுவே இருக்கிற அவகாசம் சில விநாடிகள். தரையில் குப்புற விழுந்து தப்பிக்க முயலலாம், அப்படித்தான் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள். அவர் மற்றவர்களுக்கு முன்னே பாய்ந்து அந்தக் கண்ணியின்மேல் தம் சரீரத்தைப் போட்டார். வெடி முழுவதையும் அவர் உடல் வாங்கிக்கொண்டது. அந்த இடத்திலேயே பிராணன் போயிற்று. கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

முப்பத்தோரு வயது. கீழ் ஒட்டிவாக்கத்தில் அப்போது மாசி மாதம், பாலாற்றில் தண்ணீர் வற்றுகிற காலம்.

அந்த வருஷம் ஜூன் மாத இறுதியில் அவருக்கு ஜார்ஜ் சிலுவை என்ற விருது அறிவிக்கப்பட்டது. 1940-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஏற்படுத்திய விருது அது. விக்டோரியா சிலுவைக்குச் சமமான மரியாதை உடையது. பின்னே ஏன் விக்டோரியா சிலுவையே கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். எதிரியை நேருக்கு நேர் எதிர்த்துக் காட்டும் வீரத்துக்கே விக்டோரியா சிலுவை. மின்யானோவில் அன்று எதிரி எதிரே இல்லை. புதைத்துவிட்டுப் போய்விட்டான். இப்படி எதிரி இல்லாத இடத்தில் காட்டும் தைரியத்துக்கு உரியது ஜார்ஜ் சிலுவை. இந்தியப் படையில் அந்தச் சிலுவை நேராக அளிக்கப்பட்ட முதல் இந்தியர் சுப்பிரமணியன். சண்டைக்கு லாயக்கில்லாத ஜாதி என்று ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களின் ராஜாவே அதை அளிக்க வேண்டி வந்தது. மார்பில் குத்திக்கொள்ள அவர் இல்லை.

வாசகர்களே, வெள்ளைக்காரன் சண்டையில் வீணாகச் செத்தான் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அடிமை நாட்டின் சிப்பாய் எஜமானனுக்காக உயிரை விட்டதில் என்ன பெருமை என்றும் கேட்பார்கள். யுத்தத்தைப் பற்றிக் கேட்டால் அந்தக் கேள்வி நியாயம்தான். தொரப்பள்ளியார் ராஜிநாமா செய்ததும் அதே நியாயத்துக்காகத்தான். ஆனால் அந்த நாலு விநாடியில் சுப்பிரமணியன் மன்னரையும் சாம்ராஜ்யத்தையும் நினைத்திருக்க முடியுமா? நினைக்க நேரம் ஏது? கண்ணுக்கு முன்னே நின்றவர்கள் தம் கம்பெனிப் பையன்கள். லீவு வேண்டும் என்று வந்து நின்றவர்கள், மணியார்டர் போகவில்லை என்று முறையிட்டவர்கள். அவர்களுக்கும் நம்மைப் போன்ற ஊர்களில் தாயும் பெண்சாதியும் இருந்தார்கள். தந்திச் சேவகன் அன்று பல வாசலில் நிற்க வேண்டியவன், ஒரு வாசலில் மட்டும் நின்றான். அவர் செய்ததை எந்த சாம்ராஜ்யத்தின் கணக்கிலும் எழுத நமக்கு மனம் வரவில்லை.

இத்தாலியச் சண்டையில் சுமார் 50,000 இந்தியச் சிப்பாய்கள் ஈடுபட்டார்கள். அவர்களில் 5,782 பேர் திரும்பவில்லை. அந்தச் சண்டையில் அளிக்கப்பட்ட 20 விக்டோரியா சிலுவைகளில் 6 இந்தியருடையவை. யுத்தம் முழுவதிலும் மாண்ட இந்தியச் சிப்பாய்கள் சுமார் 87,000 பேர்.

பிழைத்துத் திரும்பினவர்களுக்கும் சுகமில்லை. 1946-இல் படையைக் குறைத்து லட்சக் கணக்கில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பாலம் கட்டவும் மோட்டார் ஓட்டவும் கற்று வந்தவன் ஊரில் ஏர் பிடிக்க வேண்டியதாயிற்று. சிலருக்குப் பெங்களூரில் 1940-இல் தொடங்கியிருந்த விமானத் தொழிற்சாலை போன்ற இடங்களில் வேலை கிடைத்தது. விதவைகளுக்குப் பென்ஷன் உண்டு, ஆனால் காகிதம் சரியாக இருந்தால்தான். பட்டாளப் பதிவில் புருஷன் பெயர் ஓரெழுத்து மாறியிருந்தாலும், ஊர்ப் பெயரை வெள்ளைக்கார எழுத்தில் திரித்து எழுதியிருந்தாலும், தாலுகாக் கச்சேரிக்கு நடையாய் நடக்க வேண்டும். கைநாட்டு வைக்கிறவள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எத்தனை தரம் நடப்பாள்? அப்புறம் 1947 வந்தது. சுதந்திரப் போராட்டத் தியாகிகளைத் தேசம் கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். பட்டாளத்தில் செத்தவன் எந்தப் பட்டியலிலும் சேரவில்லை. வீட்டிலும் அந்தப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். தகரப்பெட்டியில் மெடலும் பழைய புகைப்படமும் கிடந்து, பேரன் காலத்தில் பழைய சாமான்காரனிடம் போன வீடுகள் எத்தனையோ.

சுபேதாரின் பெயரைப் பெங்களூர் சாப்பர்கள் மறக்கவில்லை. அவர்கள் இப்போது மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்ற பெயரில் சுதந்திர இந்தியாவின் படையில் சேவிக்கிறார்கள். அல்சூர்ப் பக்கம் போகும்போது மதில் சுவருக்கு அப்பால் பயிற்சி நடக்கிற சப்தம் கேட்கும்.

இத்தாலியாவில், கசீனோவிலும் சாங்க்ரோ ஆற்றங்கரையிலும், இந்தியச் சிப்பாய்களுக்கு ஞாபகச் சின்னங்கள் இருக்கின்றன. தகனம் செய்யப்பட்டவர்களுக்குக் கல்லறை இல்லாதபடியால் பெயர்களைக் கல்லில் வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். சாங்க்ரோச் சின்னத்தில் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்ட பெயர்கள். கல்லில் பெயரும் படையும்தான் இருக்கும். ஆனால் இந்தச் சின்னங்களைப் பராமரிக்கிற காமன்வெல்த் யுத்தக் கல்லறை ஆணைக்குழு ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. அதில் பலருக்கு இன்னாருடைய மகன், இன்னாளுடைய புருஷன், இன்ன ஊர், இன்ன ஜில்லா என்பதும் எழுதப்பட்டிருக்கும். நம் கிராமங்களைத் தேடுகிறவர்கள் கிருஷ்ணகிரி ஜில்லா என்று தேடக்கூடாது, அந்தப் பெயர் 2004-இல்தான் வந்தது. சேலம் ஜில்லா என்று பார்க்க வேண்டும். ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில் திரிந்திருக்கும், ஆகையால் நாலைந்து விதமாக எழுதிப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும், செலவு ஒன்றுமில்லை. தாத்தாவின் அண்ணன் பட்டாளத்துக்குப் போனார், வரவில்லை என்று மட்டும் சொல்லக் கேட்ட குடும்பங்கள், அவர் பெயரும் அவர் தகப்பன் பெயரும் பட்டாள நம்பர் இருந்தால் அதுவும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு தேடத் தொடங்கலாம்.